டாக்டர் கருப்பசாமிக்கு வந்த பெட்டிகள்

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி
2017 ஏப்ரல் 9

டேய் கருப்பா,

கடுதாசியைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடிச்சுக்காதே, யாரும் சாகலை. எழுதுறது உன் அக்கா பவளம்தான். பொங்கலன்னிக்கு நான் சொன்ன ஒரு சொல்லுக்கு என் நம்பரை பிளாக் பண்ணிட்டே. அத்தான் போன்ல இருந்து அடிச்சேன், அதையும் பிளாக் பண்ணிட்டே. வான்மதி போன்ல அடிச்சா "ஹலோ வானு"ன்னு தேன் ஒழுகப் பேசுறே, என் குரல் கேட்டதும் டொக்! அதான் போஸ்ட் ஆபீஸுக்கு வந்துட்டேன். ஸ்டாம்பை எப்படி பிளாக் பண்றேன்னு பார்க்கிறேன்.

அஞ்சாங்கிளாஸோட நின்ன கை. கடைசியா இவ்வளவு நீளமா எழுதினது ரேஷன் கார்டு கேட்டு மனு. தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்க, திருப்பி அனுப்பிராதே.

சேதி இதுதான். உன் அக்கா மக வான்மதிக்குக் கல்யாணம். பையன் பேரு செழியன். நாம பார்த்த மாப்பிள்ளை இல்லை, பிரின்ஸ்டன் ஜங்ஷன்ல ரயிலுக்கு நிக்கும்போது அவளா பார்த்துக்கிட்டது. மருந்துக் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை. நல்ல பிள்ளை, நான் வச்ச கத்திரிக்காய்க் குழம்பை மூணு தடவை ஊத்திச் சாப்பிட்டான். அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

பயம் எல்லாம் அவங்க அப்பா அம்மாவை நினைச்சுத்தான். டெக்சாஸ்ல சுகர் லேண்ட்னு ஒரு ஊரு. இருபத்தஞ்சு வருஷமா அங்க இருக்காங்க. அம்மா சண்முகப்ரியா, பிள்ளைங்களுக்குப் பார்க்கிற டாக்டர். அப்பா எண்ணெய்க் கம்பெனியில பெரிய எஞ்சினியர். இங்க உன் அத்தான் எடிசன்ல ஒரு ஹோட்டல்ல தோசை சுடுறவரு. நான் வீட்டுல சமைச்சு ஐ.டி. பிள்ளைங்களுக்கு டப்பா கட்டிக் கொடுக்கிறவ. அவங்க வீட்டு கராஜுல நம்ம அப்பார்ட்மென்ட்டை அப்படியே தூக்கி வைக்கலாம், அப்பவும் ரெண்டு கார் நிக்கும்.

தை மாசம், ஜனவரி 28 ஞாயித்துக்கிழமை கல்யாணம். இங்கயே, நியூ ஜெர்சியில. தாய்மாமன் கையைப் பிடிச்சுத்தான் பொண்ணு மணவறைக்கு வரணும். அவளுக்கு இருக்கிறது ஒரே மாமன்.

வா. ஆனா பொங்கலுக்குச் சொன்னதையே திரும்பச் சொல்றேன், கிழிச்சுப் போட்டுறாதே. இந்த ஒரு தடவை தனியா வா. புதுசா சம்பந்தம் பண்றோம். க்ளாடெட்டை அப்புறம் மெதுவா அறிமுகம் பண்ணிக்கலாம்.

உன் அக்கா,
பவளம்

*

செயின்ட் தாமஸ், விர்ஜின் தீவுகள்
2017 ஏப்ரல் 27

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வான்மதிக்கு எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதம்.

"மெதுவா அறிமுகம் பண்ணிக்கலாம்"னு நீ சொல்ல ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. உனக்கு மறந்து போயிருக்கலாம், அதனால எழுதுறேன். கப்பல் லாண்டரியில வேலை பார்த்தப்போ குடல்வால் வெடிச்சு என்னை இந்தத் தீவு ஆஸ்பத்திரியில இறக்கினாங்க. கப்பல் போயிருச்சு. பாஷை தெரியாம, வயித்துல தையலோட கிடந்தவனுக்கு மூணு வாரம் கஞ்சி மாதிரி ஒண்ணு காய்ச்சிக் கொண்டாந்தது ஆஸ்பத்திரி சமையல்கட்டுல இருந்த க்ளாடெட். அவளைக் கட்டிக்கிட்டுத்தான் இங்க இருக்கேன். அதே ஆஸ்பத்திரியில போர்வையும் விரிப்பும் துவைக்கிற வேலையில இருக்கேன். இதுல மறைக்க என்ன இருக்குன்னு எனக்கு இன்னிக்கும் புரியலை.

போன மாசம் 31-ம் தேதி இங்க பெரிய விழா. டென்மார்க்காரங்க இந்தத் தீவுகளை அமெரிக்காவுக்கு வித்து நூறு வருஷம் ஆச்சு. அப்படி வித்த அன்னிக்குப் பழைய கொடி இறங்கி புதுக் கொடி ஏறினதை க்ளாடெட்டோட கொள்ளுப்பாட்டி கூட்டத்துல நின்னு பார்த்தாங்களாம். இங்க இருந்த சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கலையாம். விழாவுல பாட்டுப் பாடும்போது க்ளாடெட் கண்ணைத் துடைச்சா. என்னன்னு கேட்டேன். "எங்களை வச்சு எங்களைக் கேட்காம முடிவு பண்றவங்களுக்கு என்னிக்குமே குறைச்சல் இல்லை"ன்னா. உன் கடிதம் வந்ததும் அந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்தது.

இப்ப கார்னிவல் நடக்குது. தெரு பூரா ஆட்டம். க்ளாடெட் என்னையும் இழுத்து ஆடவிட்டா. நீ பார்த்திருந்தா ஒரு வருஷத்துக்குக் கிண்டல் பண்ணியிருப்பே.

தனியா வரமாட்டேன். வந்தா ரெண்டு பேரா வருவோம்.

கருப்பசாமி

*

பிளெய்ன்ஸ்பரோ
2017 ஜூன் 11

ஆட்டக்கார தம்பிக்கு,

நீ இடுப்பை ஆட்டுறதை நினைச்சு நினைச்சு சாம்பாரைத் தீய விட்டுட்டேன். உன் இடுப்பு எங்க இருக்குன்னு அவளுக்காவது தெரிஞ்சுதே.

சரி, விளையாட்டு போதும். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அடுப்பைத் துடைச்சுட்டேன்.

போன மாசம் கல்யாணம் பேசி முடிக்க சுகர் லேண்ட் போனோம். வெள்ளைச் சோபா. உட்கார்ந்தா அழுக்காயிருமோன்னு நான் நுனியில உட்கார்ந்திருந்தேன். வான்மதியும் மாப்பிள்ளையும் கேக் வாங்க வெளிய போயிருந்தாங்க. சொந்தக்காரங்க வரிசையா, "இவரு கார்டியாலஜி, இவங்க கெமிக்கல்ல பிஎச்டி"ன்னு அறிமுகம். நம்ம பக்கம் திரும்பினதும் அத்தான் தரையைப் பார்க்கிறாரு. நான் சொன்னேன், "என் தம்பி தீவுல பெரிய ஆஸ்பத்திரியில இருக்கான்." அது பொய் இல்லையே? சண்முகப்ரியா அம்மா முகம் மலர்ந்துபோச்சு. "அப்படியா! டாக்டரா?"

கருப்பா, இல்லைன்னு சொல்ல ஒரு மூச்சு போதும். நான் தலையை ஆட்டிட்டேன்.

"எந்த டிபார்ட்மென்ட்?"

"எல்லாம் பார்ப்பான்"னேன்.

பிளேன் ஏறினப்புறம் அத்தான், "நாலு ஊருக்குக் கதை அளக்குற வாயிடி, இந்த ஒரு இடத்துல மூடியிருக்கக் கூடாதா?"ன்னாரு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் என்கூடப் பேசலை.

இப்ப என் யோசனையைக் கேளு. ரெண்டே நாள். கோட்டு சூட்டு நான் வாங்கி வைக்கிறேன். நீ வாயே திறக்க வேணாம். டாக்டருங்க எவன் பேசுறான்? யாராவது முதுகு வலிக்குதுன்னா "எக்ஸ்ரே எடுங்க"ன்னு சொல்லு. வயிறு வலிக்குதுன்னா "தண்ணி நிறையக் குடிங்க". முடிஞ்சது. க்ளாடெட்டுக்கு லீவு கிடைக்கலைன்னு சொல்லிக்கலாம். ஒரு பொண்ணு வாழ்க்கைடா.

அக்கா

*

செயின்ட் தாமஸ்
2017 ஜூலை 2

அக்காவுக்கு,

நாலு தடவை படிச்சேன். அஞ்சாவது தடவை க்ளாடெட்டுக்கு இங்கிலீஷ்ல சொன்னேன். மறைச்சா நானும் உன்னை மாதிரி ஆயிருவேன்னு பயமா இருந்தது. அவ எழுந்து போய் மாமரத்துக்கு அடியில உட்கார்ந்துக்கிட்டா.

லாண்டரின்னு சொல்ல உனக்கு ஏன் நாக்கு வரலைன்னு எனக்குத் தெரியும். அத்தான் தோசை சுடுறதைச் சொல்றே, நீ டப்பா கட்டுறதைச் சொல்றே. அதுக்கெல்லாம் வெட்கப்படலை. அடுத்தவன் அழுக்கைத் துவைக்கிறதை மட்டும் சொல்ல முடியலை. ஏன்னா ஊர்ல நமக்குத் துவைச்சுப் போட்ட அந்த அம்மாவை நாம எங்க நிக்க வச்சோம்? பின்வாசல்ல. அவங்க கையில துணியைக் கொடுக்க மாட்டே, தரையில போடுவே. நானும்தான் போட்டேன். அவங்க பேரு என்ன? சொல்லு பார்ப்போம். எனக்கும் தெரியாது. இன்னிக்கு அந்த வேலையை உன் கூடப் பிறந்தவன் செய்யிறான். அதான் உனக்கு நெஞ்சை அடைக்குது.

நான் டாக்டர் வேஷம் போட வரமாட்டேன். வான்மதியை நல்லபடியா கட்டிக்கொடு. இனிமே எழுதாதே.

கருப்பசாமி

*

பிளெய்ன்ஸ்பரோ
2017 செப்டம்பர் 13

கருப்பா,

எழுதாதேன்னு சொன்னே, ரெண்டு மாசம் எழுதாம இருந்தேன். இப்ப எழுதாம இருக்க முடியலை. இது உன் கைக்கு வருமான்னும் தெரியலை. போஸ்ட் ஆபீஸ் பொண்ணு, "அங்க எப்பப் போகும்னு சொல்ல முடியாதும்மா"ன்னா. இருந்தாலும் போடுறேன்.

புயல் அடிச்சு இன்னியோட ஏழு நாளு. உன் நம்பருக்கு அடிச்சா சத்தமே இல்லை. நீ பிளாக் பண்ணினப்போகூட ஒரு தடவை மணி அடிக்கும். டிவியில உங்க தீவை வானத்துல இருந்து காட்டினாங்க. பச்சை மலையெல்லாம் காப்பித்தூள் மாதிரி இருந்தது. கூரை இல்லாத வீடா காட்டினாங்க, எது உன் வீடுன்னு எனக்குத் தெரியலை. உன் வீடு எப்படி இருக்கும்னே நான் ஒரு நாளும் கேட்டதில்லையே.

இருக்கியாடா? க்ளாடெட் இருக்காளா?

இன்னொண்ணு இருக்கு. மறைச்சு வச்சா ராத்தூக்கம் வராது.

போன மாசக் கடைசியில சுகர் லேண்ட் பக்கத்து ஹூஸ்டன்ல வேற புயல். சம்பந்தி வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. அந்த வெள்ளைச் சோபாவை ரோட்டுல தூக்கிப் போட்டுட்டாங்க. அந்தக் கஷ்டத்துலயும் உங்க தீவு சேதி கேட்டதும் சண்முகப்ரியா அம்மா போன் பண்ணினாங்க. "அக்கா, உங்க தம்பி அங்க ஒத்தை ஆளா எத்தனை பேஷன்ட்டைப் பார்த்துக்கிட்டு இருக்காரோ! ஒரு டாக்டருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்." அவங்க கூட்டாளி டாக்டருங்ககிட்ட எல்லாம் சேர்த்து இங்க அனுப்பிட்டாங்க. கட்டுத்துணி, கையுறை, ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷினு. இங்க எங்க அப்பார்ட்மென்ட் விஷாகா, வாட்ஸப்ல ஒரு மெசேஜ் போட்டா. சாயங்காலம் என் வாசல்ல பெட்டியா குவிஞ்சிருச்சு. கொடுக்கிற நல்ல மனசு, ஆனா பாதி பேரு குளிர் கோட்டைக் கொண்டாந்து கொடுத்திருக்காங்க. உங்க ஊருக்குக் குளிர் கோட்டு!

இருபத்திரெண்டு பெட்டி. ஒவ்வொண்ணு மேலயும் "டாக்டர் கருப்பசாமி"ன்னு விஷாகா மார்க்கர்ல எழுதினா. டேப் ஒட்டினது நானு. ஒவ்வொரு பெட்டிக்கும் இப்பச் சொல்லிரலாம், இப்பச் சொல்லிரலாம்னு நினைச்சேன். டேப் தீர்ந்துபோச்சு, இன்னொண்ணு வாங்கிட்டு வந்து ஒட்டினேன்.

வான்மதி ஆபீஸ்ல இருந்து வந்து பார்த்தா. "அம்மா, மாமா வொர்க்ஸ் இன் த லாண்டரி. வாட் இஸ் ராங் வித் லாண்டரி?"ன்னா. நான் டேப்பைக் கீழ வச்சேன். "நான் சொல்ல மாட்டேன். யூ ஹேவ் டு"ன்னு ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா.

ஒரு வரி எழுதுடா. திட்டியாவது எழுது.

பவளம்

*

செயின்ட் தாமஸ்
2017 அக்டோபர் 15

அக்காவுக்கு,

இருக்கோம். ரெண்டு பேரும்.

முதல் புயல்ல கூரை போச்சு. குளியலறையில மெத்தையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, நாலு மணி நேரம் அதுல முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்திருந்தோம். ரெண்டாவது புயல் அடுத்த தீவைத்தான் அடிச்சது, ஆனா மழை முழுசும் எங்க மேலதான். இப்ப நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கு. கரண்ட் இல்லை. க்ளாடெட்டுக்கு முட்டியில அடி, தேறிட்டா.

ஆஸ்பத்திரி மேல் மாடி போச்சு. நோயாளிகளைப் பிளேன்ல வெளியூருக்குக் கொண்டுபோனாங்க. மிச்சம் இருந்தவங்களுக்கு விரிப்பு வேணும். மிஷின் ஓடலை. வீட்டுக்கு அடியில மழைத்தண்ணி சேர்க்கிற தொட்டியில இருந்து வாளி வாளியா எடுத்து, நாங்க ஆறு பேரு கையால துவைச்சோம். கல்லுல அடிச்சுத் துவைக்கிறது எப்படின்னு இங்க யாருக்கும் தெரியாது. நான் காட்டிக்கொடுத்தேன். நம்ம வீட்டுக்கு வந்த அந்த அம்மா துவைக்கிறதைச் சின்ன வயசுல பார்த்ததுதான், கை தானா செய்தது.

உன் பெட்டிகள் வந்து சேர்ந்தது.

போஸ்ட் ஆபீஸ்ல தினமும் ரெண்டு மணி நேரம் வரிசை. ஜன்னல்ல இருந்தவருக்கு என்னைப் பல வருஷமாத் தெரியும். பெட்டியைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, "டாக்டர்!"னு கத்தினாரு. வரிசை மொத்தமும் சிரிச்சது. அவங்க கெட்டவங்க இல்லை, அத்தனை நாளுக்கப்புறம் சிரிக்க ஒண்ணு கிடைச்சது. நானும் சிரிச்சேன். இப்ப எங்க தெருவுல என் பேரே டாக்டர்தான்.

அது போகட்டும். மருந்துச் சாமானை ஆஸ்பத்திரியில ஒப்படைச்சேன். பெட்டிக்குள்ள உன் சம்பந்தியம்மா எழுதின லெட்டர் இருந்திருக்கு, நான் பார்க்கலை. "அன்புள்ள சக மருத்துவருக்கு"ன்னு ஆரம்பிச்சு, ஏதோ ஊசி மருந்தை எப்படிப் பிரிச்சுக் கொடுக்கணும்னு எனக்கு யோசனை. மேலதிகாரி கூப்பிட்டாங்க. வெளியூர் டாக்டர்களும் பட்டாளத்து ஆளுங்களும் வந்து போற நேரம். துணி துவைக்கிறவன் டாக்டர்னு சொல்லிக்கிட்டு மருந்து வரவழைச்சானா? அவங்க கேட்டது நியாயம்தான். நாலு பேரு முன்னாடி நின்னு, "என் அக்கா என்னைப் பத்திப் பொய் சொல்லிட்டாங்க"ன்னேன். ஏன் சொன்னாங்கன்னு கேட்டாங்க. அக்கா, அதுக்கு எனக்கு இங்கிலீஷ்ல வார்த்தை வரலை.

நான் எங்கயும் அப்படிச் சொல்லிக்கலைன்னு அனுப்பினவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமாம். அதாவது உன் சம்பந்தியம்மா. நவம்பர் முடியறதுக்குள்ள வரலைன்னா வேலையை விட்டு நிறுத்துவாங்க.

மாமரமும் போச்சு.

கருப்பசாமி

*

பிளெய்ன்ஸ்பரோ
2017 நவம்பர் 6

தம்பி,

கையெழுத்து வாங்கிட்டேன். இதோட வச்சிருக்கேன். முதல்ல அதை எடுத்துக்கிட்டுப் போயிக் கொடுத்துட்டு வந்து மிச்சத்தைப் படி.

சம்பந்தியம்மாகிட்ட போன்ல சொல்லத் தைரியம் இல்லை. போன்ல சொன்னா பாதியில ஜோக்கு அடிச்சுருவேன்னு பயம். தீபாவளி கழிச்சு ரெண்டு பொடி டப்பாவைத் தூக்கிக்கிட்டு, "உங்களுக்குச் சமைச்சுப் போட வர்றேன்"னு சுகர் லேண்ட் போனேன். அந்த வீட்டுச் சுவரையெல்லாம் இடுப்பு உயரத்துக்கு அறுத்து எடுத்திருக்காங்க. உள்ள கட்டையும் கம்பியும் தெரியுது. அடுப்பு கராஜுல. நாலு நாள் சமைச்சேன். நாலு நாளும் சொல்லலை. அஞ்சாவது நாள் அவங்க ரசத்தைக் குடிச்சுக்கிட்டே, "தம்பி சௌக்கியமா? பெட்டி உபயோகமா இருந்ததா?"ன்னாங்க.

"அம்மா, அவன் டாக்டர் இல்லை"ன்னேன். "ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறான்."

டம்ளரைக் கீழ வச்சாங்க. "எல்லாம் பார்ப்பாருன்னு சொன்னீங்களே!"

"விரிப்பு, போர்வை, தலகாணி உறை, எல்லாம் பார்ப்பான்"னு சொல்லிட்டேன். என் நாக்கைச் செருப்பால அடிக்கணும். அவங்க சிரிக்கலை.

"நான் அவருக்கு லெட்டர் எழுதினேனே அக்கா! என் ஹாஸ்பிட்டல்ல பதினாலு டாக்டர்ஸ்கிட்ட கேட்டு வாங்கினேனே! அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

உன் வேலை போற கதையைச் சொன்னேன். உடனே எழுந்தாங்க. பிரின்டரை ஒரு பெட்டி மேல வச்சிருந்தாங்க. அஞ்சே நிமிஷத்துல அடிச்சு, கையெழுத்துப் போட்டு, அவங்க ஆபீஸ் முத்திரையும் குத்தினாங்க. என் கையில கொடுத்துட்டு, "அவர் மேல எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா இனிமே நீங்க சொல்றதுல எதை நான் நம்பறது?"ன்னாங்க. "கல்யாணத்தைப் பத்திக் கொஞ்சம் யோசிக்கணும்"னாங்க.

நான் அழுதேன்டா. நான் அழுது நீ பார்த்திருக்கியா? அத்தான்கூடப் பார்த்ததில்லை.

அவங்களுக்கு என் மேல இரக்கம் வந்துருச்சு போல. மெதுவா, "தம்பிக்கு வைஃப், குழந்தைங்க எல்லாம் நல்லா இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க.

கருப்பா, இதை உன்கிட்ட எழுதாம விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. கண்ணுல தண்ணி காயலை, கையில நீ கேட்ட பேப்பரு. நான் சொன்னேன், "இல்லைங்க, ஒண்டிக்கட்டை."

ஏன் சொன்னேன்னு பிளேன்ல பூரா யோசிச்சேன். எனக்கே தெரியுது, எழுத அசிங்கமா இருக்கு.

அக்கா

*

செயின்ட் தாமஸ்
2017 டிசம்பர் 2

அக்காவுக்கு,

பேப்பரைக் கொடுத்தேன். ஏத்துக்கிட்டாங்க. வேலை இருக்கு. சம்பந்தியம்மாவுக்கு நன்றி சொல்லு.

கப்பல் திரும்ப வர ஆரம்பிச்சிருச்சு. எங்க தெருவுக்கு இன்னும் கரண்ட் வரலை.

உன் கடிதங்களை ஒண்ணு விடாம க்ளாடெட்டுக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன். டாக்டர் கதையை, பெட்டிக் கதையை, விரிப்பு தலகாணி உறையை எல்லாம். கராஜுல நீ அழுததைக் கேட்டு, "பாவம் உன் அக்கா"ன்னா. அடுத்த வரியில நிறுத்திட்டேன். "அப்புறம்?"னா. ஒண்ணும் இல்லைன்னேன். என் மூஞ்சியைப் பார்த்தா. "என்னைப் பத்திக் கேட்டாங்களா?"ன்னா.

சொன்னேன்.

அவ கோபப்படலை. விளக்கைச் சின்னதாக்கி வச்சுட்டு, "டாக்டர் இல்லைன்னு ஒத்துக்க உன் அக்காவால முடிஞ்சது. என்னை ஒத்துக்க முடியலை. அப்ப உன் வேலையைவிட நான்தான் பெரிய அசிங்கம்"னா. நான் இல்லைன்னேன். "அதை நீ சொல்லக் கூடாது"ன்னா.



கருப்பசாமி

*

பிளெய்ன்ஸ்பரோ
2017 டிசம்பர் 20

கருப்பா, இது உனக்கு இல்லை. ஒரு வரி விடாம அவளுக்குப் படிச்சுச் சொல்லு. எனக்கு நல்ல பேரு வர்ற மாதிரி மாத்திச் சொன்னே, தெரியும் சேதி.

க்ளாடெட்டுக்கு,

நான் பவளம், உன் வீட்டுக்காரனோட அக்கா. பதினோரு வருஷத்துல உனக்கு நான் எழுதுற முதல் கடுதாசி. எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு சாக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். காய்கறிக் கடையில சண்டை போடுற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரும்.

உன்னை ஏன் மறைச்சேன்னு சொல்லிடுறேன். நீ கறுப்புன்னு மறைச்சேன். வேற காரணம் இல்லை. நானும் கறுப்பு. வெயில்ல போகாதே, உன்னை எவன் கட்டுவான்னு கேட்டுக் கேட்டு வளர்ந்தவ. எல்லாரையும் கிண்டல் பண்ணினா என்னை யாரும் பண்ண மாட்டாங்கன்னு சின்ன வயசுலயே கத்துக்கிட்டேன். அவ்வளவு தெரிஞ்சவ உனக்கு அதையே செஞ்சேன். என் தம்பி சாகக் கிடந்தப்போ கஞ்சி ஊத்தினவளுக்கு.

உன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்கணும்னு கேட்கலை. கேட்க வேண்டியது என் வேலை.

கருப்பன் கடுதாசி வந்த அன்னிக்கே சண்முகப்ரியா அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "என் தம்பிக்குப் பொண்டாட்டி இருக்கா. பேரு க்ளாடெட். அந்தத் தீவுக்காரி, கறுப்பினத்துப் பொண்ணு. பதினோரு வருஷமாச்சு. உங்ககிட்ட அழுதுக்கிட்டே பொய் சொன்னேன்"னேன். போனை வச்சுட்டாங்க. நாலு நாள் கழிச்சுக் கூப்பிட்டாங்க. "கல்யாணம் நடக்கும். பிள்ளைங்க தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா உங்ககூட சகஜமாப் பேச எனக்கு நாளாகும்"னாங்க. சரிங்கன்னேன். அவங்களுக்கு நாளாகட்டும்.

வான்மதிகிட்டயும் சொன்னேன். அவ கையில இருந்த தட்டை சிங்க்ல வச்சுட்டு, குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு நின்னா. ரொம்ப நேரம் நின்னா.

எங்க கல்யாணப் பத்திரிகையில சொந்தக்காரங்க பேரைப் போடுவோம். பேருக்குக் கீழ படிப்பு, உத்தியோகம் எல்லாம் வரும். அவங்க பக்கம் ஒரே பட்டமா இருக்கும். நம்ம பக்கத்துக்கு அச்சுக்காரரு போன்ல எழுத்து எழுத்தா கேட்டு வாங்கினாரு. இப்படிப் போடச் சொன்னேன்:

தாய்மாமன் கருப்பசாமி, மாமி க்ளாடெட்
சலவைப் பிரிவும் சமையல் பிரிவும், மருத்துவமனை, செயின்ட் தாமஸ்

"சலவைன்னு போடணுமா மேடம்? ஹாஸ்பிட்டல்னு மட்டும் போட்டா நல்லா இருக்குமே"ன்னாரு. போடணும்னேன். முந்நூறு பத்திரிகை. எல்லாத்தையும் போஸ்ட் பண்ணிட்டேன். விஷாகா வீட்டுக்குக் கையிலயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ படிச்சா. மேல கீழ ரெண்டு தடவை படிச்சா. "உள்ள வாங்க அக்கா"ன்னு சொல்லலை. திரும்பி வந்துட்டேன். இருபத்திரெண்டு பெட்டிக்கு மார்க்கர்ல எழுதினவ, அவளுக்கு அந்த உரிமை உண்டு.

மணவறைக்குப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வர்றப்போ ஒரு கையை மாமன் பிடிக்கணும். இன்னொரு கை மாமி பிடிக்கிறது. உன் இடத்துல வேற யாரையும் நிக்க வைக்க மாட்டேன்னு வான்மதி சொல்லிட்டா. நீ வரலைன்னா அந்தக் கை சும்மா இருக்கும். அவ்வளவு பேரு பார்ப்பாங்க. பார்க்கட்டும்.

வா, வந்துதான் ஆகணும்னு சொல்ல எனக்கு வாய் இல்லை. ஜனவரி 25 வியாழக்கிழமை காலையில இருந்து நியூவார்க் ஏர்போர்ட்டுல, ஆளுங்க வெளிய வர்ற வாசல்ல நிப்பேன். அத்தான்கிட்ட கார் கேட்டாச்சு. உங்க ஊர்ப் பக்கம் இருந்து கடைசி பிளேன் வர்றது ராத்திரின்னு வான்மதி பார்த்துச் சொன்னா. அது வர்ற வரைக்கும் நிப்பேன். நீ வரலைன்னு தெரிஞ்சாலும் நிப்பேன்.

உன் நாத்தனார்,
பவளம்